கான்கால் ஆபரேட்டர் மேசையில் எழும் பழுதுகள்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் காலாண்டு முடிவுகளை வெளியிட்டபின் முதலீட்டாளர்களோடும் பகுப்பாய்வாளர்களோடும் நடத்தும் தொலைபேசிக் கலந்துரையாடலை இத்துறையினர் கான்கால் என்று அழைக்கிறார்கள். நிர்வாகத்தினர் நான்கைந்து பேர் பேசுவார்கள். நூறு, இருநூறு பேர் மியூட்டில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். கேள்வி கேட்க விரும்புகிறவர் ஸ்டாரையும் ஒன்றையும் அழுத்தினால் அவர் பெயர் ஆபரேட்டரின் திரையில் வரிசையில் ஏறும். ஆபரேட்டர் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, இணைப்பைத் திறந்து, கேள்வி முடிந்ததும் மூட வேண்டும். இந்த மேசையின் தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்தபோது திரும்பத் திரும்பச் சரிசெய்ய நேர்ந்த பழுதுகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். பின்னணியில் இருப்பது ஆஸ்டெரிஸ்க் என்னும் தொலைபேசி மென்பொருளில் கலந்துரையாடல்களை நடத்தும் கான்ஃப்பிரிட்ஜ் பகுதி, அதன்மேல் உலாவியில் திறக்கும் ஆபரேட்டர் திரை, வெளியுலகத் தொடர்புக்கு, ஒரே கம்பியில் பல அழைப்புகளைச் சுமக்கும் சில பி.ஆர்.ஐ. இணைப்புகளும், இணையம் வழியே அழைப்புகளைக் கொண்டுவரும் ஒரு சிப் டிரங்க்கும். வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்குப் பொத்தான்களின் பெயர்கள் மாறலாம். சோதனைகளின் வரிசை பெரும்பாலும் மாறாது.

எந்தப் புகார் வந்தாலும், சர்வரின் பதிவேட்டை, அதாவது லாக்கை, திறப்பதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை தேட வேண்டும்: இது ஒருவருக்கு மட்டுமா, ஒரே வழியில் வந்த சிலருக்கா, அனைவருக்குமா? ஒருவருக்கு மட்டும் என்றால் பழுது பெரும்பாலும் அவருடைய தொலைபேசியில் இருக்கிறது. சிப் டிரங்க் வழியே வந்தவர்களுக்கு மட்டும் என்றால் அந்த டிரங்க்கையும் அதற்கு முன்னிருக்கும் ஃபயர்வாலையும் பார்க்க வேண்டும். அனைவருக்கும் என்றால்தான் சர்வரைத் தொட வேண்டும். இந்த வரிசையை மாற்றி, ஒருவர் சொன்ன புகாருக்காக நடுக்கூட்டத்தில் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்து இருநூறு பேரையும் வெளியே தள்ளிய நாளும் உண்டு. அதைச் செய்தது வேறு யாரும் அல்ல, நான்தான்.

## அழைப்பாளரால் உள்ளே வரவே முடியவில்லை

### எங்கேஜ்டு ஒலி கேட்கிறது

முதலில், அழைத்தவர் எந்த எண்ணை அழைத்தார் என்று கேளுங்கள். போன காலாண்டின் அழைப்பிதழைப் பார்த்துப் பழைய எண்ணை அழைப்பவர்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் இரண்டு பேராவது இருப்பார்கள். எண் சரியென்றால், ஒரே நேரத்தில் எத்தனை அழைப்புகள் உள்ளே இருக்கின்றன என்று எண்ணுங்கள். ஒரு பி.ஆர்.ஐ. இணைப்பில் பேச்சுக்கு இருப்பது 30 தடங்கள்தான். 31-ஆவது ஆளுக்கு எங்கேஜ்டு ஒலிதான் கேட்கும். சந்தை மாலை 3.30-க்கு மூடியபின் நான்கு மணிக்குத் தொடங்கும் கூட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். காலாண்டு முடிந்து 45 நாட்களுக்குள் முடிவுகளை வெளியிட வேண்டும் என்பது விதி. ஆகவே ஆகஸ்ட், நவம்பர், பிப்ரவரி மாதங்களின் 14-ஆம் தேதியை ஒட்டிய நாட்களிலும், ஆண்டு முடிவுக்கு 60 நாள் கெடு என்பதால் மே மாதக் கடைசியிலும் தடங்கள் நிரம்பிவிடுவது இயல்பு. உடனடித் தீர்வு, அந்த அழைப்பாளரைச் சிப் டிரங்க்கின் எண்ணுக்கு அழைக்கச் சொல்வது, அல்லது திரையிலிருந்து நாமே அவரை வெளியழைத்துச் சேர்ப்பது. வெளியழைப்பும் ஒரு தடத்தை எடுத்துக்கொள்ளும் என்பதால், தடம் இருக்கும் டிரங்க்கைத் தேர்ந்தெடுத்து அழையுங்கள்.

தடங்கள் காலியாக இருந்தும் எங்கேஜ்டு ஒலி கேட்டால், கட்டளை வரியில் ‘பி.ஆர்.ஐ. ஷோ ஸ்பேன்ஸ்’ கொடுத்து எல்லா இணைப்புகளும் இயங்குநிலையில் உள்ளனவா என்று பாருங்கள். ஒன்று கீழே கிடந்தால் முதலில் கேபிளின் இரு முனைகளையும் அழுத்திச் செருகிப் பாருங்கள். அதன்பின்னும் எழவில்லை என்றால் அது தொலைபேசி நிறுவனத்தின் வேலை. இணைப்பு எண்ணோடும் பழுது தொடங்கிய நேரத்தோடும் புகார் பதிவு செய்துவிட்டு, மற்ற இணைப்புகளில் கூட்டத்தை நடத்துங்கள். சர்வரில் உள்ள பி.ஆர்.ஐ. கார்டைக் கழற்றி மாட்டும் துணிச்சல் கூட்டம் முடியும்வரை வேண்டாம்.

### பின் எண்ணை ஏற்கவில்லை

கூட்டத்துக்குள் நுழைய அழுத்தும் பின் எண்ணை அழைப்பாளர் பிழையாக அழுத்துகிறாரா, சரியாக அழுத்தியும் சர்வருக்குப் பிழையாகச் சேர்கிறதா என்று பிரித்தறிய வேண்டும். பதிவேட்டில் வந்து சேர்ந்த இலக்கங்களைப் பாருங்கள். இலக்கங்கள் இரட்டித்தோ விடுபட்டோ இருந்தால், ஸ்டாரும் ஒன்றும் அழுத்துவது பற்றிய பகுதிக்குச் செல்லுங்கள். எந்தக் குழப்பமானாலும் அழைப்பாளரை வாசலில் நிறுத்தி விசாரிக்காமல், மூன்று முறை தவறினால் தானாகவே ஆபரேட்டரிடம் வந்து சேரும்படி அமைத்துவிடுவது நல்லது. பெயரையும் நிறுவனத்தையும் கேட்டுக்கொண்டு ஆபரேட்டரே உள்ளே விட்டுவிடலாம்.

### உள்ளே வந்துவிட்டார், ஆனால் இசை மட்டுமே கேட்கிறது

பின் எண்ணைப் பிழையாகக் கொடுத்து வேறொரு கூட்டத்தின் காலி அறையில் அமர்ந்திருக்கக்கூடும் (அறை என்பது சர்வரில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் உள்ள தனி இணைப்பிடம்). திரையில் அவர் எந்த அறையில் இருக்கிறார் என்று பார்த்து மாற்றுங்கள். சரியான அறையில்தான் இருக்கிறார், அவரைப் போலவே அனைவருக்கும் இசைதான் கேட்கிறது என்றால், முதன்மை உறுப்பினராகக் குறிக்கப்பட்ட இணைப்பு இன்னும் வரவில்லை, அல்லது வந்து போய்விட்டது. இதைப் பற்றிக் கீழே துண்டிப்புகள் பகுதியில் விரிவாக எழுதியுள்ளேன்.

## ஸ்டாரும் ஒன்றும் அழுத்தியும் பெயர் வரிசையில் வரவில்லை

கூட்டத்தின் மானம் கேள்வி வரிசையில்தான் இருக்கிறது. பெரிய நிதி நிறுவனம் ஒன்றின் பகுப்பாய்வாளர் இருபது நிமிடம் அழுத்திக்கொண்டே இருந்து, கேள்வி கேட்காமலேயே கூட்டம் முடிந்துவிட்டால் அடுத்த நாள் மின்னஞ்சல் ஆபரேட்டருக்கு வராது. அவருடைய மேலதிகாரிக்கு வரும்.

மலிவான காரணங்களிலிருந்து தொடங்குவோம். கைப்பேசியில் அழைத்தவர் கீபேடைத் திறக்காமல், எண் தட்டும் முகப்பில் அழுத்தியிருக்கலாம். அலுவலக மேசைத் தொலைபேசியில் அழைத்தவரின் இபிஏபிஎக்ஸ், அதாவது அலுவலகத்தின் உள் இணைப்பகம், ஸ்டார் குறியைத் தன் சொந்த வசதிகளுக்கான கட்டளையாக எடுத்துக்கொண்டு விழுங்கியிருக்கலாம்; ஒரு நிறுவனத்திலிருந்து வரும் எல்லோருக்கும் இதே குறை என்றால் ஐயமே வேண்டாம். கணினியில் ஓடும் சாஃப்ட்போனில் அழைத்தவர் தட்டச்சுப் பலகையின் எண்களைத் தட்டியிருக்கலாம். அது எல்லாச் செயலிகளிலும் ஒலியாக மாறாது. இந்த மூன்றையும் ஆபரேட்டர் அரை நிமிடத்தில் கேட்டறியலாம்.

கேட்டறிந்தபின் அவரைத் திரும்பத் திரும்ப அழுத்தச் சொல்லிக் கொண்டிருக்காதீர்கள். திரையில் ‘கையால் வரிசையில் சேர்’ என்பது போன்ற வசதி பெரும்பாலான ஆபரேட்டர் மென்பொருள்களில் இருக்கும். அதில் சேர்த்துவிட்டு, அவர் எப்போது காத்திருக்கத் தொடங்கினாரோ அந்த இடத்திலேயே பெயரை வையுங்கள். பழுதுக்கான விசாரணை கூட்டம் முடிந்தபின் நடக்கட்டும்.

பெயர் வரிசையில் தோன்றி, உடனே மறைந்துவிடுவது தனி அறிகுறி. ஒரே முறை அழுத்தியது இரண்டாகப் பதிவாகிறது என்பதற்கு இது அடையாளம்: முதல் பதிவு கையை உயர்த்துகிறது, இரண்டாவது இறக்கிவிடுகிறது. விசையொலியை அனுப்ப இரண்டு முறைகள் பரவலாக உள்ளன. ஒன்று, பேச்சொலியோடு கலந்து அனுப்புவது, மற்றொன்று, ஆர்.எஃப்.சி. 4733 என்ற இணையத் தர ஆவணம் சொல்லும் விதத்தில் தனிச் செய்தியாக அனுப்புவது. ஒரு டிரங்க் இரண்டையும் ஒருசேர அனுப்பி, நம் சர்வரும் இரண்டையும் எண்ணினால் இரட்டிப்பு வரும். டிரங்க்கின் அமைப்பில் விசையொலி முறையைத் தனிச் செய்தி என்று மட்டும் வைத்துச் சோதியுங்கள்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில், அழுத்தியது எதுவுமே பதிவாகாத நிலை இருக்கிறது. நம் பக்கம் தனிச் செய்தியை எதிர்பார்க்க, எதிர்ப்பக்கம் பேச்சோடு கலந்து அனுப்பினால் இது நேரும். குரலைச் சுருக்கி அனுப்பும் ஜி.729 போன்ற கோடெக் இடையில் இருந்தால், பேச்சோடு கலந்த விசையொலி சிதைந்து, கண்டறியும் கருவியின் கண்ணிலேயே படாது. அந்த டிரங்க்கில், அவ்வாறு சிதைக்காத ஜி.711 கோடெக்கை மட்டும் அனுமதித்து ஒரு சோதனை அழைப்பு விடுங்கள். அழைப்பு ஜி.711-இல் நடந்தும் பதிவேட்டில் ஒரு இலக்கம்கூட வரவில்லை என்றால், உங்கள் கையில் இனி ஒன்றும் இல்லை. சோதனை அழைப்பின் சிப் பதிவை எடுத்துக்கொண்டு டிரங்க் வழங்குநரின் தொழில்நுட்பப் பிரிவைத் தொடர்புகொள்ளுங்கள். “ஸ்டார் ஒன்று வேலை செய்யவில்லை” என்று மட்டும் சொன்னால் அவர்கள் உங்களை ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்வார்கள்.

## கூட்டத்துக்குள் ஹோல்டு இசையோ அறிவிப்போ ஒலிக்கிறது

நிதித் தலைமை அலுவலர் கடன் விகிதத்தை விளக்கிக்கொண்டிருக்கும்போது, “உங்கள் அழைப்பு காத்திருப்பில் வைக்கப்பட்டுள்ளது” என்ற பெண் குரல் ஒவ்வொரு பத்து விநாடிக்கும் குறுக்கிடும். கைப்பேசியில் இணைந்திருந்த ஒருவருக்கு இரண்டாவது அழைப்பு வந்து, அவர் அதை எடுத்துவிட்டார். அவருடைய தொலைபேசி நிறுவனம் அறிவிப்பை நம் கூட்டத்தை நோக்கித் திருப்பிவிட்டது. அவருக்கோ இது எதுவுமே தெரியாது.

மியூட்டில் இருக்கும் இருநூறு பேரில் ஒருவரிடமிருந்து இது வர வழியில்லை. ஆகவே தேடவேண்டியது, திறந்திருக்கும் ஏழெட்டு இணைப்புகளில் மட்டுமே: நிர்வாகத்தினர், தொகுத்து வழங்கும் தரகு நிறுவனத்தார், அப்போதைய கேள்வியாளர். திரையில் பேச்சு விளக்கைப் பாருங்கள். ஹோல்டு இசை என்றால் ஓர் இணைப்பின் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். அறிவிப்பு என்றால் சீரான இடைவெளியில் எரிந்து அணையும். மனிதர்கள் யாரும் அப்படிப் பேசுவதில்லை. கண்டதும் அந்த இணைப்பை மியூட் செய்யுங்கள், துண்டிக்காதீர்கள். அவர் தன் மற்ற அழைப்பை முடித்துவிட்டுத் திரும்பும்போது கூட்டத்திலேயே இருக்க வேண்டும். எந்த இணைப்பு என்று தெரியவில்லை என்றால், அப்போது பேசிக்கொண்டிருப்பவரைத் தவிர மற்றவர்களை ஒவ்வொருவராக மியூட் செய்து, இசை நிற்கும் இடத்தைப் பிடியுங்கள். எல்லோரையும் ஒரே சொடுக்கில் மியூட் செய்யும் பொத்தான் கையருகே இருக்கும். அதை அழுத்தினால் பேசிக்கொண்டிருப்பவரின் குரலும் போய்விடும் என்பதை அவசரத்தில் மறந்துவிடுவோம்.

பிறகு, மியூட் செய்தவரை விட்டுவிடக் கூடாது. அவர் திரும்பி வந்து பேசத் தொடங்குவார், யாருக்கும் கேட்காது, இரண்டாவது பழுது பிறக்கும். மியூட்டில் இருக்கும் இணைப்பின் பேச்சு விளக்கை நம்ப முடியாது. ஒற்றுக்கேட்கும் வசதியில் அந்த ஓர் இணைப்பை மட்டும் செவிமடுத்து, இசை நின்றுவிட்டதை உறுதி செய்துகொண்டு திறக்க வேண்டும். ஆஸ்டெரிஸ்க்கில் சான்ஸ்பை என்னும் வசதி இதற்குத்தான். அதிலேயே, மற்றவர்களுக்குக் கேளாமல் அவர் காதில் மட்டும் பேசவும் முடியும். கேள்வி வரிசையில் காத்திருப்பவரின் பெயரை அறிவிக்கும் முன்னரும் இதே சோதனையைச் செய்யலாம். பதினைந்து நிமிடம் காத்திருந்தவர் வேறொரு அழைப்பில் இருந்தால், திறந்தவுடன் இசைதான் முதல் கேள்வியாக வரும்.

இதை முன்கூட்டியே தடுக்கும் வழி எளியது. கூட்டத்துக்குப் பதினைந்து நிமிடம் முன்னதாக நிர்வாகத்தினர் கேட்பவர்கள் இல்லாத தனியறையில் (சர்வரில் உள்ள இன்னொரு அறை) சேரும் போது, கைப்பேசியில் இருப்பவர்களிடம் கால் வெயிட்டிங் வசதியை அணைத்துவிட்டு மறுபடி அழைக்கச் சொல்லுங்கள். ஜி.எஸ்.எம். தரத்தில் அதற்கான குறியீடு #43#; திரும்ப இயக்க *43#. சில இணைப்புகளில் குறியீடு வேலை செய்யாது, அப்போது கைப்பேசியின் அழைப்பு அமைப்புகளில் சென்று மாற்ற வேண்டும். தலைமைச் செயல் அலுவலரிடம் இதைச் சொல்லக் கூச்சப்பட்டால், தரகு நிறுவனத்தார் மூலமாகச் சொல்லுங்கள். எப்படியும் சொல்லுங்கள்.

## பேசுகிறார், யாருக்கும் கேட்கவில்லை; அல்லது அவருக்கு எதுவும் கேட்கவில்லை

பேசுவது கேட்கவில்லை என்றால், மூன்று மியூட்கள் சாத்தியம்: நம் திரையில் ஒன்று, அவருடைய கைப்பேசியில் ஒன்று, ஹெட்செட்டின் கம்பியில் ஒன்று. கட்டளை வரியில் ‘கான்ஃப்பிரிட்ஜ் லிஸ்ட்’ கொடுத்து, அறையின் எண்ணையும் சேர்த்தால், ஒவ்வொரு இணைப்புக்கும் எதிரே குறியெழுத்துகள் வரும். மியூட் செய்யப்பட்டதற்கான குறி இருந்தால் பழுது நம் பக்கம். இல்லையென்றால் மற்ற இரண்டையும் அவரிடம் கேளுங்கள். ஆபரேட்டர் அவரைத் தனியாக அழைத்துப் பேசிவிட்டு, திரும்பவும் கூட்டத்துக்கு அனுப்ப மறந்துவிட்டிருப்பதும் அடிக்கடி நடக்கும்.

மியூட் எதுவும் இல்லை, ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது, அதுவும் சிப் டிரங்க்கில் வந்தவர்களுக்கு மட்டும் என்றால், ஒலிப் பொட்டலங்கள் வழியில் தொலைகின்றன. அவற்றின் போக்குவரத்தைத் திரையில் காட்டும் ‘ஆர்.டி.பி. செட் டீபக் ஆன்’ கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். பொட்டலங்கள் போகின்றன, ஒன்றும் வரவில்லை என்றால், ஃபயர்வாலில் ஒலிக்கான யு.டி.பி. கதவுகள் (போர்ட்டுகள்) திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஆஸ்டெரிஸ்க்கின் வழக்கமான வீச்சு 10000 முதல் 20000 வரை. கதவுகள் திறந்திருந்தால், சர்வர் தன் உள்வலை முகவரியை வெளியாருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறதா என்று சிப் செய்திகளில் பாருங்கள். வெளி முகவரியை அமைப்பில் எழுதினால் தீரும். அடுத்து, ரவுட்டரில், சிப் செய்திகளை வழியில் திருத்தும் சிப் ஏ.எல்.ஜி. என்ற ‘உதவி’ இயக்கத்தில் இருந்தால் அணையுங்கள். இந்த மூன்றையும் பார்த்தபின் பிணைய வல்லுநரை அழைக்கலாம். பார்ப்பதற்கு முன் அழைத்தால் அவர் வந்து இந்த மூன்றைத்தான் பார்ப்பார். கூட்டம் நடந்துகொண்டிருந்தால், பாதிக்கப்பட்டவரைப் பி.ஆர்.ஐ. வழியே வெளியழைத்துச் சேர்த்துவிட்டு ஆராயுங்கள்.

## எதிரொலி

எதிரொலி எவ்வளவு தாமதமாக வருகிறது என்று எண்ணிப் பாருங்கள், காரணம் பாதி தெரிந்துவிடும்.

பேசியது பல விநாடிகள் கழித்துத் திரும்ப வந்தால், கேள்வியாளர் கூட்டத்தின் இணைய ஒலிபரப்பான வெப்காஸ்ட்டையும் ஒலிக்கவிட்டுக்கொண்டு தொலைபேசியில் பேசுகிறார். கணினியின் ஒலியை அணைக்கச் சொல்லுங்கள். வேறு சோதனை தேவையில்லை.

அரை விநாடி அளவில் திரும்ப வந்தால், யாரோ ஒருவருடைய ஸ்பீக்கர்போனின் ஒலி அவருடைய மைக்கிலேயே புகுகிறது. யாருக்கு எதிரொலி கேட்கவில்லையோ, அவர்தான் பெரும்பாலும் அதற்குக் காரணம். இது பலருக்கு நம்ப முடியாததாக இருக்கும். தன் குரல் தனக்கே திரும்ப வருவதாகப் புகார் சொல்பவரையே ஹெட்செட் மாற்றச் சொல்வார்கள். புகார் சொல்லாத இணைப்புகளை ஒவ்வொன்றாக மியூட் செய்து பார்க்க வேண்டும்.

கீச்சென்ற ஊளை கேட்டால், ஒரே அறையில் இரண்டு தொலைபேசிகள் கூட்டத்தில் இணைந்துள்ளன. போர்டு அறையில் ஸ்பீக்கர்போன் இருக்க, ஒருவர் பாதுகாப்புக்காகத் தன் கைப்பேசியிலும் சேர்ந்திருப்பார். இரண்டாவதை மியூட் செய்துவிடுங்கள். முதலாவது துண்டித்தால் அது பயன்படும்.

தொலைபேசிகள் எல்லாம் சரியாக இருந்தும், பி.ஆர்.ஐ. வழியே வரும் எல்லா அழைப்புகளிலும் எதிரொலி இருந்தால், கார்டில் எதிரொலி நீக்கி இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். புதிய கார்டு வாங்கச் சொல்வதற்கு முன், கார்டு விற்றவரின் தொழில்நுட்ப ஆளிடம் அமைப்புக் கோப்பைக் காட்டுங்கள்.

## குரல் உடைந்து உடைந்து வருகிறது

ஒருவருக்கு மட்டும் என்றால் அவருடைய சிக்னல். சன்னல் பக்கம் போகச் சொல்லுங்கள், அல்லது தரைவழி எண்ணைக் கேட்டு வெளியழையுங்கள். டிரங்க்கில் எல்லோருக்கும் என்றால் இணைய இணைப்பின் கொள்ளளவைக் கணக்கிடுங்கள்: ஜி.711-இல் ஓர் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் விநாடிக்கு ஏறத்தாழ 87 கிலோபிட் செலவாகும். 30 அழைப்புகளுக்கு 2.6 மெகாபிட்டைத் தாண்டும். அதே இணைய இணைப்பில் யாரேனும் பேக்கப் ஏற்றிக்கொண்டிருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். அனைவருக்கும் என்றால் சர்வரின் பிராசசர் சுமையைப் பாருங்கள். பல அழைப்புகள் ஜி.729-இல் இருந்தால் கோடெக் மாற்றும் வேலையே சர்வரைத் திணறடிக்கும்.

## அழைப்புகள் தாமாகத் துண்டிக்கின்றன

எத்தனை விநாடியில், எத்தனை நிமிடத்தில் துண்டித்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். வேறெந்தத் தகவலையும்விட இது பயன்படும்.

32 விநாடி. சேர்ந்து சரியாக அரை நிமிடம் கடந்தவுடன் விழுந்தால், அழைப்பை ஏற்றதற்கான ஒப்புகைச் செய்தி சர்வருக்கு வந்து சேரவில்லை. உள்வலை முகவரியை வெளி முகவரியாக மாற்றுவதில் உள்ள தவறுதான் வழக்கமான காரணம். ஒருபக்க ஒலிக்குச் சொன்ன மூன்று சோதனைகளே இதற்கும் பொருந்தும்.

15 அல்லது 30 நிமிடம். ஒவ்வொருவரும் தாம் சேர்ந்த நேரத்திலிருந்து கணக்கிட்டால் ஒரே அளவில் விழுகிறார்கள் என்றால், அமர்வைப் புதுப்பிக்கும் செய்தி இடையில் தொலைகிறது. ஆர்.எஃப்.சி. 4028 பரிந்துரைக்கும் கால அளவு 1800 விநாடி; அதன் பாதியில் புதுப்பிப்பு நடக்கும். டிரங்க்கின் அமைப்பில் அமர்வுக் கடிகாரத்தை அணைத்துச் சோதித்து, தீர்ந்தால் டிரங்க் வழங்குநரிடம் சொல்லி நிரந்தரமாகச் சரிசெய்யுங்கள்.

எல்லோரும் ஒரே கணத்தில். சர்வர் சாய்ந்துவிட்டது என்று நினைப்பதற்கு முன், யார் கடைசியாக வெளியேறினார் என்று பாருங்கள். கான்ஃப்பிரிட்ஜில், குறிக்கப்பட்ட உறுப்பினர் வெளியேறினால் மற்றவர்களையும் வெளியேற்றும் ஒரு விருப்பம் உண்டு. அவர் வரும்வரை மற்றவர்களை இசையில் காத்திருக்கச் செய்யும் விருப்பமும் உண்டு. தலைவரின் கைப்பேசி அப்படிக் குறிக்கப்பட்டிருந்தால், அவர் கார் சுரங்கப்பாதைக்குள் நுழைந்த கணம் கூட்டமே கலையும். கான்காலுக்கு ஆபரேட்டரின் சொந்த இணைப்பை மட்டும் குறிக்கப்பட்ட உறுப்பினராக வையுங்கள். மற்றவர்களை வெளியேற்றும் விருப்பத்தை அணைத்துவிடுங்கள். கலைந்த கூட்டத்தை மீட்கும்போது நிர்வாகத்தினரை முதலில் வெளியழைத்துத் தனியறையில் சேருங்கள். கேட்பவர்கள் தாமாகவே மறுபடி அழைப்பார்கள்.

## திரையில் இருப்பதும் அறையில் இருப்பதும் வேறு

போனவர்களின் பெயர் இன்னும் தெரிகிறது, வந்தவர்கள் தெரியவில்லை, மியூட் பொத்தான் அழுத்தினால் மாறவில்லை. திரைக்கும் சர்வருக்கும் இடையிலான இணைப்பு அறுந்திருக்கும். உலாவிப் பக்கத்தைப் புதுப்பியுங்கள். அழைப்புகளுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் புதுப்பித்தால் கேள்வி வரிசை அழிந்துவிடும் மென்பொருள்களும் உண்டு. அதனால் புதுப்பிக்கும் முன் வரிசையைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பின்னணியில் கிடந்த தாவலை உலாவி உறங்க வைத்திருந்தால், ஆபரேட்டர் திரைக்கு மட்டும் தனிச் சாளரம் கொடுங்கள்.

புதுப்பித்தும் சரியாகவில்லை என்றால், கட்டளை வரிப் பட்டியலையும் திரையையும் ஒப்பிடுங்கள். சர்வரின் பட்டியலே தவறாக இருந்தால், அதாவது போனவரின் தடம் சர்வரிலும் உயிரோடு இருந்தால், அந்த ஒரு தடத்தை மட்டும் வெளியேற்றுங்கள். அனலாக் லைன்கள் வழியே வருவோரிடம் இது மிகுதி. வைத்துவிட்டுப் போனதைச் சர்வர் அறியாமல், எங்கேஜ்டு ஒலியைக் கூட்டத்துக்குள் விட்டுக்கொண்டிருக்கும். அத்தகைய லைன்களில், அழைப்பு முடிந்ததைச் சர்வருக்குக் காட்டும் முனைமாற்றச் சமிக்ஞையைத் தொலைபேசி நிறுவனத்திடம் கேட்டுப் பெற வேண்டும்.

இன்னொன்று: ஒரு தரகு நிறுவனத்திலிருந்து வரும் ஐந்து பேருக்கும் ஒரே பொது எண்தான் திரையில் தெரியும். எண்ணைப் பார்த்துத் திறக்காதீர்கள்; சேரும்போது கேட்டு எழுதிய பெயரைப் பார்த்துத் திறவுங்கள்.

## நிர்வாகத்தினரின் தனிப்பேச்சு எல்லோருக்கும் கேட்டுவிட்டது

இதற்கு மென்பொருள் பழுது காரணமாக இருந்ததை நான் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. கூட்டத்துக்கு முன்பு, தாமதமாக வந்த ஓர் அலுவலரைத் தனியறைக்குப் பதில் முதன்மை அறையில் சேர்த்திருப்பார்கள். அல்லது நன்றி சொல்லி முடித்தபின், கேட்பவர்களை வெளியேற்றும் முன்பே நிர்வாகத்தினர் “அப்பாடா, அந்தக் கேள்வியைச் சமாளித்தோம்” என்று பேசத் தொடங்கியிருப்பார்கள்.

கேட்ட கணத்தில் செய்ய வேண்டியது, பேசுகிறவரை மியூட் செய்வது. அறையை மாற்றுவதற்கு நான்கு சொடுக்குகள் ஆகும், மியூட்டுக்கு ஒன்றுதான். அதன்பின் தனியறைக்கு மாற்றி, நடந்ததை அவர்களுக்கு உடனே சொல்லுங்கள். வெளியிடப்படாத, விலையைப் பாதிக்கக்கூடிய தகவல் அதில் இருந்ததா என்று தீர்மானிக்க வேண்டியவர் அந்த நிறுவனத்தின் இணக்க அலுவலர்; ஆபரேட்டரோ நாமோ அல்ல. மறைத்துவிட்டால் அவர் தீர்மானிக்க வாய்ப்பே இல்லாமல் போகும்.

முடிவில் வரிசை இதுதான்: முதலில் நிர்வாகத்தினரைத் தனியறைக்கு எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு பதிவை நிறுத்துங்கள், அதன்பின் அறையை மூடுங்கள்.

## ஒலிப்பதிவு இல்லை, அல்லது பாதியில் நிற்கிறது

பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையமான செபியின் 2015-ஆம் ஆண்டுப் பட்டியலிடல் விதிமுறைகளில் 2021-இல் செய்த திருத்தத்தின்படி, இத்தகைய கூட்டத்தின் ஒலிப்பதிவை அடுத்த வர்த்தக நாளுக்கு முன்போ, முடிந்த 24 மணி நேரத்துக்குள்ளோ, எது முந்தியதோ அதற்குள் வெளியிட வேண்டும். எழுத்து வடிவத்தை ஐந்து வேலை நாட்களுக்குள் வெளியிட வேண்டும். 2022 ஏப்ரல் 1 முதல் இது கட்டாயம். ஆகவே மாலை ஐந்து மணிக்கு முடிந்த கூட்டத்தின் பதிவு இல்லை என்று இரவு ஒன்பது மணிக்குத் தெரியவந்தால், மறுநாள் காலைச் சந்தை திறக்கும்வரைதான் நேரம்.

கூட்டம் தொடங்கி ஐந்து நிமிடத்தில் பதிவுக் கோப்பின் அளவைப் பாருங்கள். 8 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஒற்றைத் தட வேவ் கோப்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மெகாபைட் வளரும். வளரவில்லை என்றால் வன்தட்டில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள்; பழைய காலாண்டின் பதிவுகள் நிரம்பிக் கிடக்கும். அவற்றை வேறிடத்துக்கு நகர்த்துங்கள், அழிக்காதீர்கள். இடம் இருந்தும் கோப்பே இல்லையென்றால் பதிவு தொடங்கப்படவில்லை. உடனே தொடங்கிவிட்டு, தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் ஐந்து நிமிடம் வெப்காஸ்ட் நடத்துபவரிடம் இருக்கும், கேட்டுப் பெறலாம். நான் எப்போதும் கூடுதலாக ஒரு தனி எண்ணிலிருந்து கூட்டத்தில் சேர்ந்து, வேறொரு கணினியில் இரண்டாம் பதிவு எடுத்து வைப்பேன்; வீண் செலவு என்று சொன்னவர்கள் ஒரு மே மாதத்துக்குப் பிறகு சொல்வதை நிறுத்திவிட்டார்கள்.

கோப்பு இருக்கிறது, அளவும் பெரியதாக இருக்கிறது, ஆனால் இயக்கினால் நீளம் சுழியம் என்று காட்டுகிறதா? சர்வர் பதிவின் நடுவே நின்றுபோயிருந்தால் கோப்பின் தலைப்பில் நீளம் எழுதப்படாமல் விட்டிருக்கலாம். ஒலி உள்ளே பத்திரமாக இருக்கும். முதலில் கோப்பை இன்னொரு வட்டுக்கு நகலெடுங்கள். நகலின்மேல், தலைப்பில் உள்ள நீளத்தைப் பொருட்படுத்தாமல் படிக்கும்படி சாக்ஸ் என்னும் ஒலிக்கோப்புக் கருவிக்குச் சொல்லிப் புதிய கோப்பாக எழுதச் செய்யுங்கள். நகலெடுக்கும் போதே படிப்புப் பிழை வந்தால் அங்கேயே நிறுத்தி, வட்டைச் சரிசெய்யும் கருவிகள் எதையும் ஓடவிடாமல் சர்வரை அணைத்து, தரவு மீட்பு வல்லுநரிடம் கொடுங்கள். அவர் வேலையைத் தொடங்கும்போதே, எந்த நிமிடம் முதல் எந்த நிமிடம் வரை பதிவு கிடைக்காமல் போகக்கூடும் என்பதை நிறுவனத்தின் செயலாளருக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். பங்குச் சந்தைக்கு என்ன சொல்வது என்று முடிவெடுக்க அவருக்கும் அந்த இரவுதான் இருக்கிறது.